ஹப்பில் எரிந்த மூன்றாவது விளக்கு

இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிறவன் தன்னை நல்லவனாகக் காட்டித்தான் சொல்வான். இதைப் படித்து முடிக்கும்போது என்மேல் உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் மிஞ்சாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்பதற்கு அது ஒன்றே போதும்.

பேய் என்றால் நடுராத்திரி என்று நினைத்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது சாயங்காலம். 2002ஆம் வருடம், அக்டோபர் 14, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் வெளியே தெருவில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமுக்கு நான் பொறுப்பாளன். பெயர் சுந்தரபாண்டி. முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி. ரூமில் மொத்தம் பதினோரு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். என்னுடையது மூன்று. எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. என் மேஜைக்கு மட்டும் உயர முதுகு வைத்த சக்கர சேர். மதுரையிலிருந்து வந்தது. அதில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் ரூமுக்குப் பெரியவர் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருடமாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் முத்துச்செல்வி வந்தாள்.

கடம்பூர்ப் பொண்ணு. இருபத்து மூன்று வயது, எம்.சி.ஏ. வேலைக்கு வந்த முதல் நாள் ஊரிலிருந்து போளி கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை என்று பொய் சொல்லி வாங்க மறுத்துவிட்டேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவளைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வந்த இரண்டாவது மாதம் ஒரு காரியம் செய்தாள். பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த ஒரு மெஷினை எடுத்துத் துடைத்து, பதினோராவதாக மூலையில் வைத்தாள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து அதில் ஒரு பாதுகாப்புச் சேவையை ஏற்றினாள். இலவசம். நிரலை எழுதியவர்கள் அதன் மூலத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்களாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாமாம். அந்த மெஷினுக்கு மானிட்டர் கிடையாது. சர்வர் என்று அதற்குப் பெயர், சும்மா ஓடிக்கொண்டிருக்கும். நாம் வேறொரு கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால் போதும். சர்வரின் எண், நம் பெயர், பாஸ்வேர்டு, எந்த மெஷினைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிய சின்ன ஃபைல். உடனே அது அந்த மெஷினின் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்து, எது பூட்டாமல் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடும்.

முதல் ரிப்போர்ட்டில் பதினான்கு ஓட்டைகள். அதில் பதினொன்று என் மெஷினில்.

அண்ணாச்சி என்னை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டார். "ஏலே சுந்தரபாண்டி, ஊர் மிஷினுக்கெல்லாம் பூட்டுப் போட்ட, உன் மிஷின் அகலத் தொறந்து கெடக்காம்ல" என்றார். பேக்கிங் செக்ஷன் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

மறுநாள் முத்துச்செல்வி என் மேஜைக்கு வந்தாள். "அண்ணே, ஒங்களுக்கும் அதுல ஒரு அக்கவுண்ட் போட்டுருக்கேன். நீங்களே சோதிச்சுப் பாத்துக்கிடலாம்."

உள்ளே போய்ப் பார்த்தேன். என் பெயரில் போனால் என் மெஷினை மட்டும்தான் சோதிக்க முடிந்தது. மற்ற எந்த எண் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்றது. அந்தச் சேவையில் ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி எல்லை போட்டு வைக்கலாம்.

"மத்த மிஷின் ஏன் வர மாட்டேங்கு?"

"அண்ணாச்சிதான் அப்படிப் போடச் சொன்னாவ."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டாள். அவள் கேலி செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அக்டோபர் முதல் வாரம் அண்ணாச்சி முடிவாகச் சொல்லிவிட்டார். "விசயதசமி அன்னைக்குக் காலைல ஏழே முக்காலுக்கு நல்ல நேரம். முத்துச்செல்வி அந்த சேர்ல உக்காரட்டும். சாவிய அவகிட்ட குடுத்துரு. நீ கூடமாட இருந்து பாத்துக்க."

கூடமாட. ஆறு வருடம் உழைத்தவனுக்குக் கிடைத்த சொல் அது.

நான் இரண்டு ஏற்பாடு செய்தேன். முதலாவது, அவள் மெஷினையே அவள் சேவையால் சோதித்து, அவள் ஓட்டைகளைக் காகிதத்தில் அடித்து அண்ணாச்சி முன்னால் வைப்பது. அதற்கு அவள் பெயரில் உள்ளே போக வேண்டும். அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம் ஃபைல் தேடுகிற சாக்கில் பக்கத்தில் நின்று அவள் விரல்களைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துவிட்டேன்.

இரண்டாவது, ஒரு மொட்டைக் கடிதாசி.

மொட்டைக் கடிதாசி எனக்குப் புதிது இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் அந்தச் சக்கர சேரில் இருந்தவர் பூவனலிங்கம் அண்ணன். 96இல் நான் அவருக்குக் கீழேதான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். வாயில் எப்போதும் வெற்றிலை, வலது கை ஆள்காட்டி விரலில் சிவப்புக்கல் மோதிரம். எழுத்து அழுந்தும் சத்தம் ஒன்று, மோதிரம் இடிக்கும் சத்தம் ஒன்று. டக்... டிக். டக்... டிக். பத்து விரலால் அடிக்கிற நான் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒற்றை விரல்காரர் சக்கர சேரில். எனக்குப் பொறுக்கவில்லை. ஆர்டர் லிஸ்ட்டை அவர் வெளியூர்க் கம்பெனிக்கு விற்கிறார் என்று ஒரு கடிதம் அடித்துத் தபாலில் போட்டேன். அத்தனையும் பொய். அண்ணாச்சி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 97 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரை அனுப்பிவிட்டார். எட்டயபுரம் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பற்றிய பேச்சு வந்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் கடிதத்தை அடித்த அன்றைக்கே மெஷினிலிருந்து அழித்தேன். அந்த மெஷினே 2000இல் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

இப்போது முத்துச்செல்விக்கும் அதே கடிதம்தான். வாசகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். பெயரை மட்டும் மாற்றி அடித்து, என் மெஷினில் ஒரு மறைவான ஃபோல்டரில் வைத்தேன். ரிப்போர்ட் வேலைக்கு ஆகாவிட்டால் கடிதம். இன்னும் தபாலில் போடவில்லை.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. பூஜை முடிந்தால் மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் எந்த ஆயுதத்தையும் யாரும் தொடக்கூடாது. அண்ணாச்சி பேனாகூடத் தொடமாட்டார். கம்ப்யூட்டரும் அதில் சேர்த்தி. எல்லா மெஷினுக்கும், கீபோர்டுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தோம். வாட்ச்மேன் சாமித்துரை ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, கரண்ட் வயரைச் சுருட்டி மானிட்டர் தலைமேல் வைத்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் ஆட்கள் போய்விட்டார்கள்.

விடிந்தால் சாவி என் கையை விட்டுப் போய்விடும். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

மணி 4:35.

கேட்டில் சாமித்துரை பொரி தின்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி, பூசை அன்னைக்கு வாரிய?"

"டிபன் பாக்ஸ மறந்துட்டேன்."

அவர் சும்மா தலையாட்டினார். ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் மழை விழுந்திருக்க வேண்டும். ஈர மண் வாசம் வந்தது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

ரூமைத் திறந்து உள்ளே போனதும் சாம்பிராணி வாசம். பதினோரு மெஷினும் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. மூன்றே மூன்று பிளக்குகளை மாட்டினேன். மூலையிலிருந்த அந்தச் சர்வர். முத்துச்செல்வியின் ஒன்பதாம் மெஷின். இரண்டையும் இணைக்கிற ஹப். ஹப் என்பது சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி. எல்லா மெஷினின் நெட்வொர்க் வயரும் அதில் வந்து சேரும். எந்த மெஷின் ஓடுகிறதோ அதன் வயருக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும்.

இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒன்பது. பதினொன்று.

முத்துச்செல்வியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மேஜை எனக்குப் பின்னால், இடுப்புயரப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். அங்கே எல்லாம் அணைந்து கிடந்தது.

மணி 4:52. கறுப்புத் திரையைத் திறந்தேன். அவள் பெயர், அவள் பாஸ்வேர்டு. சோதிக்க வேண்டிய மெஷின், ஒன்பது. என்டர் தட்டினேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தச் சர்வருடன் இப்போதுதான் முதல்முறை இணைகிறீர்கள், இதை நம்பலாமா என்று.

எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. புதிதாக இணைகிறவர்களிடம் மட்டும்தான் அது அப்படிக் கேட்கும். முத்துச்செல்வி தினமும் இதே மெஷினிலிருந்து இணைகிறாள். சரி, பிளக்கைப் பிடுங்கியதில் ஏதோ குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம்பலாம் என்று அடித்தேன்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்கேன் ஓட ஆரம்பித்தது.

ஆனால் திரையில் ஓடிய எண் ஒன்பது இல்லை.

மூன்று.

என் மெஷின்.

தப்பாக அடித்துவிட்டேன் போல என்று நிறுத்தினேன். ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒன்பது என்றுதான் இருந்தது. மறுபடி ஓட்டினேன். மணி 5:04.

மறுபடியும் மூன்று.

ஓடாத மெஷினை அது எப்படிச் சோதிக்கும்? அணைந்து கிடக்கிற மெஷின் பதில் சொல்லாது. பதில் இல்லாவிட்டால் அது அடுத்த நொடியே விட்டுவிட வேண்டும். இது விடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தலையைத் தூக்கி ஹப்பைப் பார்த்தேன்.

மூன்று விளக்குகள்.

எழுந்து என் மேஜைக்குப் போனேன். மெஷின் அணைந்துதான் இருந்தது. கரண்ட் வயர் சாமித்துரை சுருட்டி வைத்தபடி மானிட்டர் தலைமேல் இருந்தது. திரையில் குங்குமம் கலையவில்லை. பெட்டியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

ஹப்புக்கு வந்தேன். மூன்றாம் வயரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

விளக்கு அணையவில்லை.

வயர் என் கையில் இருக்கிறது. வயர் இருந்த ஓட்டை காலியாக இருக்கிறது. அதற்கு மேலே விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது...

மணி 5:19. பின்னால் திரையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றாம் மெஷினில் பூட்டாத கதவு ஒன்று. அதற்குள்ளே ஒரு ஃபோல்டர். நான் மறைத்து வைத்த ஃபோல்டர். அதிலிருக்கும் ஃபைல்கள் என்று இரண்டு பெயர்களைக் காட்டியது.

கடிதம் 02.

கடிதம் 97.

முதலாவது நான் அடித்தது. சரி.

இரண்டாவது இருக்க முடியாது. அதை அடித்த மெஷினே இப்போது உலகத்தில் இல்லை.

மெஷினை அணைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கையை நீட்டினேன்.

அப்போதுதான் கேட்டது.

டக்... டிக்.

என் மேஜைப் பக்கமிருந்து.

டக்... டிக். டக்... டிக்.

நிதானமாக. ஒற்றை விரல்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வெளியே பையன்கள் 'அவுட்' என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

மணி 5:26. கரண்ட் போனது.

திரை செத்தது. சர்வரின் இரைச்சல் நின்றது. மின்விசிறி மெல்ல நின்றது. ஜன்னல்களை அடைத்திருந்த ரூம் முழுக்க இருட்டு.

ஹப்பில் ஒன்பதாம் விளக்கு அணைந்துவிட்டது. பதினொன்றும் அணைந்துவிட்டது.

மூன்று மட்டும் எரிந்தது.

டக்... டிக்.

சட்டைப்பையில் கம்பெனித் தீப்பெட்டி இருந்தது. ஒரு குச்சியை உரசினேன். தடுப்புப் பலகைக்கு மேலே நீட்டிப் பார்த்தேன்.

சத்தம் நின்றது.

சக்கர சேர் மேஜையை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. கொஞ்சம் முன்னால் நான் போனபோது அது சுவரோரம் இருந்தது.

குச்சி விரலைச் சுட்டது. போட்டுவிட்டேன்.

இரண்டாவது குச்சி.

கீபோர்டு. காலையில் அதன் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டுச் சந்தனம்தான் வைத்தோம். இப்போது எழுத்துகள் மேலெல்லாம் சந்தனம். ஒவ்வொரு எழுத்திலும் ஒரு விரல்நுனி அளவு. ஈரம் காயவில்லை.

இரண்டாவது குச்சியும் அணைந்தது.

மூன்றாவது குச்சியை உரசினேன்.

சேர் மெல்ல... மெல்ல... என் பக்கம் திரும்பியது. க்ரீச்...

சேரில் யாரும் இல்லை.

ரூமில் காற்று இல்லை. ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது.

குச்சி பாதிகூட எரியவில்லை.

ஃபூ...

யாரோ ஊதினார்கள். வெற்றிலை வாசத்தோடு, சூடாக, என் விரல்மேல் பட்டது.

ஓடினேன்.

எதில் இடித்தேன், எப்படி வெளியே வந்தேன், ஒன்றும் தெரியாது. கேட்டில் வந்து விழுந்தேன். மணி 5:31.

சாமித்துரை எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இன்னும் ஆள் இருக்காவளா தம்பி?"

"இல்ல."

"டைப் அடிக்க சத்தம் கேக்கே."

சைக்கிளைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன். ரூம் சாவி அன்று ராத்திரி முழுக்க என் கைக்குள்ளேயே இருந்தது. அந்த மூன்று பிளக்குகளையும் பிடுங்காமல் வந்துவிட்டேன் என்பதே விடிகாலையில்தான் ஞாபகம் வந்தது.

விஜயதசமி. காலை ஏழு மணிக்கு நான் போனபோது முத்துச்செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை. ரூமைத் திறந்துவிட்டேன். உள்ளே போனவள் தன் மெஷின் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முந்தின நாள் ராத்திரி ஏழேகாலுக்குத்தான் கரண்ட் வந்ததாம். நல்ல நேரத்துக்குக்கூடக் காத்திராமல் உட்கார்ந்து, சர்வரில் யார் யார் எப்போது இணைந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, நேத்து 4:52க்கு என் பேர்ல யாரோ உள்ள வந்துருக்காவ."

"நான்தான்" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப 5:31க்கு வந்தது யாரு? பூவன்னு பேர் போட்டுருக்கு. நான் அப்படி ஒரு அக்கவுண்ட் போடலியே. மூணாம் மிஷின்ல இருந்து வந்துருக்காவ. பதிமூணு நிமிசம் இருந்துருக்காவ."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"அந்த ஆளுக்கு எல்லை எதுவும் போடல அண்ணே. எல்லா மிஷினும் தொறந்திருக்கு. ஆனா மூணத் தவிர வேற எதையும் அவிய தொடல." என் பக்கம் திரும்பினாள். "அந்த நேரத்துல கரண்டே இல்லியே."

நான் போய் என் மெஷினுக்குப் பிளக் மாட்டி ஆன் செய்தேன். மறைத்து வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். கடிதம் 97 இல்லை. அது இருக்காது என்று எனக்குத் தெரியும்.

கடிதம் 02உம் இல்லை. ஃபோல்டர் காலியாக இருந்தது.

ஏழே முக்கால் ஆவதற்கு முன்னாலேயே சாவியை அவள் கையில் வைத்தேன். "சேர மட்டும் மாத்திக்க" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். பழசாகிவிட்டது என்று சொன்னேன். அவளைப் பார்த்து எனக்கு அன்றைக்கு வயிறு எரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஏதோ மனப்பிரமை, குற்றமுள்ள நெஞ்சு படுத்திய பாடு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை, 17ஆம் தேதி, காலை 11:10. அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். அவர் ரூமில் வேறு யாரும் இல்லை. மேஜைமேல் பிரித்த கவர் ஒன்று கிடந்தது.

"தபால்ல வந்துது. படி."

படித்தேன். எழுத்து எழுத்தாக என் கடிதம். நான் போட்ட அதே வாக்கியங்கள். ஆர்டர் லிஸ்ட்டை வெளியூர்க் கம்பெனிக்கு விற்கிறான், உப்பிட்டவருக்குத் துரோகம் செய்கிறான் என்று. முத்துச்செல்வி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சுந்தரபாண்டி என்று இருந்தது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத" என்றார் அண்ணாச்சி. "அஞ்சு வருசம் முந்தி பூவனலிங்கத்தப் பத்தி இதே மாதிரி ஒண்ணு வந்துது. நம்பிட்டேன். அந்தப் பாவம் இன்னும் என் தலையிலதான் இருக்கு. மறுபடியும் நம்ப மாட்டேன். நீ போயி வேலையப் பாரு."

அந்தப் பாவம் யார் தலையில் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கவரைத் திருப்பிப் பார்த்தேன். கடிதம்தான் அச்சு. மேலே விலாசம் கையால் எழுதியிருந்தது. நீல மை, சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு கோடு. பழைய ரிஜிஸ்டர்களில் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்து. அண்ணாச்சியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எழுத்து மாதிரியே இருக்கு, இல்ல?" என்றார். "ஆனா அவனா இருக்காது."

"ஏன் அண்ணாச்சி?"

"செத்து நாலு வருசம் ஆச்சே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"மஞ்சக்காமால. 98ல. ஆள் அனுப்பிக் கூப்பிட்டாவன்னு நான் போயிருந்தேன். கடைசி மூணு நாளும் ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தானாம். என் சேர்ல இப்ப யாரு இருக்கான்னு. அவன் சம்சாரம் இசக்கியம்மாளுக்குப் பதில் தெரியல. என்னயக் கேட்டுச்சு. சாவப்போறவன்கிட்ட மறைக்க வேண்டாம்னு நான் ஒன் பேரச் சொன்னேன். அது குனிஞ்சு அவன் காதுல சொல்லிச்சு."

அண்ணாச்சி கவரை என் கையிலிருந்து வாங்கி, மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

"கேட்டதும் கண்ண நல்லாத் தொறந்தான். அதோட உயிர் போயிட்டு. நாங்க மூணு பேரு மாத்தி மாத்தி மூடிப் பாத்தோம்ல. அந்தக் கண்ணு கடைசி வரைக்கும் மூடவே இல்ல."